நெட்டைக்கு மட்டும் பூட்டாத பட்டியல்

மேசை, நாற்காலி, கட்டில் அனுப்பும் கிடங்கில் அவள் ஒன்பது வருடக் குமாஸ்தா. எந்தச் சாமான் எந்த முகவரிக்கு என்பது கம்ப்யூட்டரில் ஒரே பட்டியலாக இருந்தது. ஆறு பேர் அதைத் திறந்து எழுதுவார்கள்.

ஒரு திங்கட்கிழமை, பதினெட்டு ஆஸ்பத்திரிக் கட்டில்கள் ஒரு மழலைப் பள்ளி வாசலில் இறங்கின. குட்டி நாற்காலிகள் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தன. மேனேஜர் வானத்துக்கும் பூமிக்குமாகக் குதித்தார்.

"பட்டியலை அவங்கதான் சார் பார்த்துக்கறாங்க," என்று கைகாட்டினான் சூப்பர்வைசர். நெட்டை என்றுதான் எல்லோரும் அவனைச் சொல்வார்கள், முதுகுக்குப் பின்னால்.

மூன்று நாள் போன் போட்டு மன்னிப்புக் கேட்டாள். "உனக்கு எழுதப் படிக்கத் தெரியுமா, தெரியாதா?" என்று பள்ளித் தலைமையாசிரியை கேட்டபோது காது மடல் சுட்டது. அவள் நாற்காலியையும் லாரி நிற்கும் கொட்டகைக்கு மாற்றிவிட்டார்கள்.

அங்கே உட்கார்ந்து பட்டியலின் பழைய மாற்றங்களைப் புரட்டினாள். வெள்ளிக்கிழமை, நாலு நாற்பது. நெட்டை முகவரிப் பத்தியை மட்டும் அகர வரிசையாக்கியிருந்தான். மற்ற பத்திகள் நின்ற இடத்திலேயே நின்றதால், ஒருவர் சாமானுக்கு நேரே இன்னொருவர் முகவரி வந்திருந்தது.

அவள் வாய் திறக்கவில்லை. இப்போது சொன்னால் ஒரு திட்டோடு தப்பித்துவிடுவான்.

"இனிமே தப்பு வராம பண்ணித் தரேன் சார். ஒரு வாரம் கொடுங்க," என்றாள் மேனேஜரிடம்.

மற்றவர்கள் மாற்றத் தேவையில்லாத கட்டங்களைப் பூட்டினாள். சாமான் பெயரைக் கையால் அடிக்க முடியாமல், தேர்ந்தெடுக்க மட்டும் வைத்தாள். எதை மாற்றினாலும் மாற்றியவர் பெயர் மேனேஜர் திரையில் சிவப்பாகத் தெரியும்.

"எனக்குமா பூட்டு?" என்றான் நெட்டை.

"உங்களுக்கு எதுக்கு சார்? நீங்க சூப்பர்வைசர்," என்று சிரித்தாள்.

பூட்டு போட்ட பதினோராம் நாள் காலை, நெட்டை போன மாதப் பட்டியலைப் புதியதன் மேல் ஒட்டினான். லாரி கிளம்புமுன் மேனேஜர் திரையில் அவன் பெயர் சிவந்தது.

"யாரோ என் பேர்ல பண்ணிட்டாங்க சார்!"

அவள் எல்லோர் முன்னாலும் அந்த வெள்ளிக்கிழமையைத் திறந்து காட்டினாள். "இதுவும் யாரோதானா சார்?"

பட்டியலைத் தொடும் உரிமை நெட்டைக்கு அன்றே போயிற்று. இப்போது ஒரு எண்ணை மாற்றவும் காகிதத்தில் எழுதி அவளிடம் நீட்ட வேண்டும். எழுத்துப் பிழை இருந்தால் திருப்பிவிடுகிறாள்.

"போதும்கா, பாவம்," என்றாள் வீட்டில் இதைக் கேட்ட தங்கை.

"பாவமா? அந்த டீச்சர்கிட்ட நான் வாங்கின பேச்சை நீ கேட்டிருந்தா தெரியும்."

மறுநாளும் ஒரு காகிதத்தைத் திருப்பினாள். அவன் தலைகுனிந்து நடந்து போவதைக் கடைசிவரை பார்த்துக்கொண்டிருந்தாள்.