அக்காவின் கல்வெட்டில் ஒரு வரி

என் அக்கா சௌந்தரநாயகி எண்பத்து நான்கு வயதில் போய்ச் சேர்ந்தாள். எங்கள் தீவில், இந்தச் சரவணை ஊரில், அப்படிச் சனம் கூடிய ஒரு செத்தவீட்டை நான் கண்டதில்லை. வேலணை, நாரந்தனை, ஊர்காவற்றுறை என்று வாகனம் வாகனமாக வந்து இறங்கினார்கள். சந்தைக்குப் போகும் வழியில் அவளோடு இரண்டு சொல் கதைத்தவர்கள்கூடப் பெற்ற தாயைப் பறிகொடுத்தவர்கள் மாதிரி அழுதார்கள். நானும் அழுதேன். அழுதுகொண்டே, எனக்கு இதில் கால்வாசிச் சனமாவது வருமா என்று பந்தலை ஒருதரம் நோட்டம் விட்டேன். வராது.

எனக்கு எழுபத்தேழு வயது. பெயர் மங்கையற்கரசி. கலியாணம் கட்டவில்லை. தாய் தகப்பன் போன பிறகு அக்கா வீடுதான் என் வீடு. அவளுக்கு ஐந்து பிள்ளைகள், பதினான்கு பேரப்பிள்ளைகள். படம் எடுக்கும்போது அவள் நடுவில் இருப்பாள். நான் ஓரத்தில் நிற்பேன், பாதிப் படத்தில் என் கை மட்டும் விழுந்திருக்கும்.

அவள் கெட்டவளாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவு சுகமாக இருந்திருக்கும். இல்லையே. அத்தான் ஐயாத்துரை இடைவயதில் மாரடைப்பில் போக, புகையிலைத் தோட்டத்தைத் தானே இறங்கிச் செய்து ஐந்தையும் ஆளாக்கினாள். இடம்பெயர்ந்து பன்னிரண்டு வருடம் கழித்து, பற்றை மூடிக் கிடந்த வளவுக்கு முதல் ஆளாகத் திரும்பி வந்து, கிணறு இறைத்து, கூரை போட்டாள். ஊரில் யாருக்குச் சண்டை என்றாலும் அவளிடம்தான் வருவார்கள். அவள் கதிரையில் இருந்து இரண்டு பக்கமும் கேட்டு, ஒருவர் மனமும் நோகாமல் அனுப்பி வைப்பாள். அவர்களுக்குத் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தது நான். அக்கா வீட்டுக் கூழ் என்றால் தீவெல்லாம் பெயர். நண்டு உடைத்து, மீன் கழுவி, பனங்கிழங்கு காயவைத்து இடித்த ஒடியல் மா கரைத்த கை என்னுடையது. அவள் உப்புப் பார்ப்பாள்.

இதெல்லாம் போகட்டும். ஒன்றை மட்டும் என்னால் விழுங்க முடியவில்லை.

தொண்ணூறாம் ஆண்டு ஆமி தீவுக்குள் வர, ஊரே வெளிக்கிட்டு ஓடிய அன்று, நாங்களும் ஆழமில்லாத பரவைக்கடலில் இறங்கி அராலிப் பக்கம் நடந்தோம். மூத்த பிள்ளைகள் நாலு பேரும் அதற்கு முன்னமே வெளியேறிவிட்டார்கள். அக்காவின் தலையில் காணி உறுதிப் பத்திரங்களும் நகையும் கட்டிய மூட்டை. அவளின் கடைக்குட்டி சசிகரன், ஏழு வயது, காய்ச்சலோடு என் தோளில். தண்ணீர் இடுப்புக்கு வந்தது, ஓரிடத்தில் நெஞ்சுவரை வந்தது. கரை ஏறும்வரை நான் அவனை இறக்கவில்லை.

நாங்கள் அகதியாக இருந்த பள்ளிக்கூடத்தில் அக்கா யாரிடமோ சொன்னாள்: "என்ரை பிள்ளையை நான் தோளிலை தூக்கிக்கொண்டெல்லோ வந்தனான்."

நான் பக்கத்தில்தான் நின்றேன். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. நானும் வாய் திறக்கவில்லை. அவ்வளவுதான், அது ஊர்க்கதையாகிவிட்டது. எங்கெல்லாம் அக்காவைப் புகழ வேண்டுமோ அங்கெல்லாம் அந்தத் தோள் வந்துவிடும். முப்பத்தைந்து வருடம் கேட்டேன். ஒவ்வொரு முறையும் வயிறு பற்றி எரிந்தது.

முப்பத்தோராம் நாளுக்கு, இறந்தவரின் வாழ்க்கையை எழுதிக் கல்வெட்டு என்று ஒரு சிறு புத்தகம் அச்சடித்துக் கொடுப்பது எங்கள் வழக்கம். கனடாவிலிருந்து வந்து நின்ற சசிகரன்தான் எழுதினான். அச்சுக்குக் கொடுக்க முதல், பின்னேரம் மடிக்கணினியைக் கொண்டுவந்து மேசையில் வைத்து எனக்கு வாசித்துக் காட்டினான். பிறந்த ஆண்டு சரி. கலியாணம் சரி. தோட்டம் சரி. பிறகு அந்த வரி வந்தது. 'இடுப்பளவு தண்ணீரில் தன் இளைய மகனைத் தோளில் சுமந்து கரைசேர்த்த வீரத்தாய்.'

அச்சில் ஏறிவிட்டால் பிறகு அதுதான் உண்மை. நான் செத்த பிறகு மறுத்துச் சொல்ல ஒரு ஆளும் இராது.

"தம்பி, அது பிழை," என்றேன். "உன்னைத் தூக்கினது நான்."

அவன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "தெரியும் சின்னம்மா."

"தெரியுமோ?"

"ஏழு வயதெல்லோ, மறக்கிறதே? உங்கட தலைமயிரைப் பிடிச்சுக்கொண்டு இருந்தனான். நோகுது விடடா எண்டு நீங்கள் பேசினனீங்கள்."

"அப்ப ஏன்ரா இவ்வளவு காலமும் வாயைப் பொத்திக்கொண்டு இருந்தனீ?"

அவன் மடிக்கணினியைச் சற்றுத் தள்ளி வைத்தான். "அந்தப் பள்ளிக்கூடத்திலை நான் உங்களோடைதான் படுப்பன். அம்மா கூப்பிட்டாலும் போகமாட்டன். ஒருநாள் அம்மா என்னைக் கிணத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போய் அழுதவ. 'உனக்கு என்னைவிட அவளைத்தானே பிடிக்கும். தூக்கினதாவது நானாய் இருக்கட்டும். ஆர் கேட்டாலும் அம்மாதான் எண்டு சொல்லு' எண்டவ. எனக்குப் பாவமாய்ப் போச்சுது."

எனக்கு முதலில் வந்தது சந்தோசம். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், சந்தோசம்தான். ஊரே கொண்டாடிய என் அக்கா, என்னைப் பார்த்து எரிந்திருக்கிறாள். அதற்குப் பிறகுதான் ஆத்திரம் வந்தது. ஒரே குசினியில் முப்பத்தைந்து வருடம் ஆளுக்கு ஆள் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தோமே, ஒரு நாள் வாய் திறந்து சொல்லியிருக்கக் கூடாதா, பாவி! நானாவது சொன்னேனா? அக்காவை நினைத்து அன்றுதான் நான் பந்தல் சனத்துக்காக இல்லாமல் அழுதேன்.

"மாத்தட்டோ சின்னம்மா?" என்று சசிகரன் கேட்டான்.

வேண்டாம் என்று சொல்வதுதான் பெருந்தன்மை. அக்கா என்றால் அப்படித்தான் சொல்லியிருப்பாள், அதற்கும் ஊர் அவளைப் புகழ்ந்திருக்கும்.

"மாத்து," என்றேன். "என்ரை பேரை முழுசாய்ப் போடு."

அவன் தட்டினான். தட்டி முடித்து என்னைப் பார்த்தான். "அம்மா அழுததையும் எழுதட்டோ?"

"அது வேண்டாம்," என்றேன். "அதை ஊருக்குக் குடுக்கேலாது. அது எனக்கு."