சைகோன்காரி பேசிய தமிழ்

இந்த நாட்டுக்கு வந்த எட்டு மாதத்தில் என்னை முதன்முதலாக 'டி' போட்டுக் கூப்பிட்டவள் வியட்நாம் நாட்டுச் சைகோன்காரி ஒருத்தி. நுவரெலியா கடைத்தெருவில் அவள் நடத்தும் நூடுல்ஸ் கடைக்குள் நுழைந்ததுமே, "வாடி, உக்காருடி" என்றாள். என் கணவரைப் பார்த்து, "நீயும் உக்காரு" என்றாள். அவர் கணக்கெழுதும் தேயிலைத் தோட்டத்தில் அவரைக் 'கிளாக்கரய்யா' என்றுதான் எல்லோரும் அழைப்பார்கள். அவர் முகம் சிவந்துபோயிற்று. "போயிருவோமா?" என்று என் காதில் கேட்டார்.

போயிருக்கலாம். ஆனால் அப்போது எனக்கு ஐந்தாம் மாதம். புதுக்கோட்டை வெயிலில் வளர்ந்தவளுக்கு இந்தக் குளிரில் சோறும் தங்கவில்லை, ரொட்டியும் தங்கவில்லை. இப்படியே மெலிந்தால் பிள்ளைக்கு ஆகாது என்று அன்று காலைதான் ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அந்தக் கடையிலிருந்து வந்த மணமோ வயிற்றைப் புரட்டவில்லை. அதுவே அதிசயம்.

கிண்ணம் வந்தது. ஊரில் இருக்கும் உங்களுக்கு எப்படிச் சொல்ல? தெளிந்த கோழிச் சாற்றில், அரிசிமாவை அவித்து நாடாவாக நறுக்கிப் போட்டிருந்தாள். சுட்ட இஞ்சியும் பட்டையும் மணத்தன. மேலே புதினாவும் முளைவிட்ட பயறும் பச்சையாகக் கிடந்தன. இலையை ஆடுதானே பச்சையாகத் தின்னும் என்று யோசித்தேன். எடுத்துத் தின்ன அவள் கொடுத்த இரண்டு குச்சிகளில் ஒன்று என் மடியில் விழுந்தது. சிரித்துக்கொண்டே கரண்டி கொண்டுவந்தாள். "தின்னுடி. புள்ளை கேக்குது." நான் அவளிடம் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

கிண்ணம் காலியாயிற்று. கணவர் துவாய்த் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்திருந்தார். வாந்தி வரவில்லை.

அடுக்களையிலிருந்து அவளுடைய கணவர் ஓடிவந்தார். காரைக்கால்காரர். சைகோனில் பிரெஞ்சுக்காரர்களிடம் காவல் வேலை பார்த்தவர். அவர்கள் கிளம்பிய பிறகு, இங்கே கடை வைத்திருந்த அண்ணனை நம்பி மனைவியோடும் மகளோடும் வந்தவர்.

"கோவிச்சுக்காதீங்கம்மா. எங்கிட்ட கத்துக்கிட்ட தமிழு அது. வீட்டுல நான் அவகிட்டப் பேசுறது மட்டுந்தான் அவளுக்குத் தெரியும்" என்று தலையைக் குனிந்துகொண்டார்.

வந்த புதிதில் அட்டன் சந்தையில் நான் கீரை விலையைக் குறைத்துக் கேட்டபோது, சிங்களக் கிழவி ஒருத்தி "எப்பா, எப்பா" என்று கையை ஆட்டினாள். பெண்ணைப் போய் 'ஏம்ப்பா' என்கிறாளே என்று நான் சண்டைக்குப் போனேன். 'வேண்டாம்' என்பதற்குச் சிங்களத்தில் அதுதான் சொல் என்று கணவர் சொல்லித்தான் தெரிந்தது. யார் வாயிலிருந்து கிடைக்கிறதோ, அந்தப் பாஷையைத்தானே வந்தவர்கள் பேச முடியும்?

கிளம்பும்போது அவள் என் வயிற்றைக் காட்டி, "இதுக்கு எந்த ஊருடி?" என்று கேட்டாள்.

"அட்டன்" என்றார் கணவர். அவர் பிறந்தது அங்கேதான். ஆனாலும் குடியுரிமை கேட்டு எழுதிய மனுவுக்கு இன்னும் பதில் வரவில்லை. அவர் சொன்ன அதே நொடியில் நான் "புதுக்கோட்டை" என்றேன். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

அவள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"எம் பொண்ணு மூணு ஊரு பேரு சொல்லும்டி" என்றாள். "எங்க போவணும்னு கேட்டா மட்டும், பேசாம நிக்கும்."