மில் ஓடாத நாளில் இரண்டு ஆம்ப்

கிட்டார் ஒலியைப் பெருக்கும் பெட்டிகளில் எந்த ஆம்ப் நல்ல ஆம்ப் என்று இன்றைக்கும் யாராவது என்னிடம் வந்து கேட்டால் எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். கேட்கிறவர் மேல் கோபமில்லை, என் காது மேல்தான். வாழ்க்கையில் பாதிக்கு மேல் எலக்ட்ரிக் கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு திரிந்தவன் நான். ஆனாலும் கும்பகோணத்தில் ஒரு ரைஸ் மில்லின் பின்னறையில் உட்கார்ந்து இரண்டு வால்வு ஆம்ப்பை ஒப்பிட்டு நான் சொன்ன தீர்ப்பை நினைத்தால் இப்போதும் மண்டை காய்கிறது.

ஆட்சி மாறிக் கொஞ்ச வருஷமாகியிருந்த காலம். ஊருக்கு ஊர் கட்சிக் கூட்டம். தலைவர் ஐந்து மணிக்குப் பேசுவார் என்று நோட்டீஸ் அடிப்பார்கள். எட்டு மணிக்கு வந்தால் அதிசயம். அதுவரை ஜனம் கலையாமல் இருக்க மேடையில் மெல்லிசை நடக்கும். அந்த மூன்று மணி நேரம்தான் எங்கள் குழுவுக்குப் பிழைப்பு. குழுவை நடத்தியவரை மாஸ்டர் என்று கூப்பிடுவோம். ஆர்மோனியமும் பாட்டும் அவருடையவை. பேச்சும் பெரும்பாலும் அவருடையதே.

கிட்டாருக்கு ஆம்ப் செய்து கொடுத்தவன் எங்கள் மெக்கானிக். கடைத்தெருச் சந்தில் ரேடியோ ரிப்பேர்க் கடை வைத்திருந்தான். என் வயதுதான், ஆனால் என்னை அண்ணே, நீங்க என்பான், நான் அவனை வாடா போடா என்பேன். அப்போது அது எனக்கு உறுத்தியதில்லை என்பதை வெட்கத்தோடுதான் எழுதுகிறேன். அவன் அப்பா வயல் கூலி. அந்த ஆம்ப்பை அவனே கம்பி சுற்றி, பலகை அறுத்து, பழைய ரேடியோக்களிலிருந்து வால்வு கழற்றிப் போட்டுச் செய்திருந்தான். அந்த வால்வுக் கண்ணாடிக் குழாய் நாலும் சூடாகிச் சிவந்த பிறகுதான் அது பேசும். பேச ஆரம்பித்தால் கணீரென்று இருக்கும், ஓரத்தில் கொஞ்சம் முறுகலாக. கச்சேரிக்குப் போகும் வேனில் அந்தப் பெட்டிக்கு ஓர் இடம், பெட்டியைப் பார்த்துக்கொள்ள அவனுக்கு ஓர் இடம். மேடைக்கு ஏறி அவன் கம்பி மாட்டும்போது கீழேயிருந்து, “சார், மைக்கைக் கொஞ்சம் பாருங்க சார்” என்று குரல் வரும். அவனை யாராவது சார் என்று கூப்பிட்டு நான் கேட்டது அங்கே மட்டும்தான்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது நாகப்பட்டினத்திலிருந்து ஒரு பாய் வந்து சேர்ந்தார். துணி வியாபாரி, மாஸ்டரின் பாட்டுக்கு ரசிகர். சிங்கப்பூரிலிருந்து மகனுக்கென்று ஓர் உயர்ந்த ரக வால்வு ஆம்ப் வரவழைத்திருந்தார்; மகனுக்கு நாலே மாதத்தில் கிட்டார் சலித்துவிட்டது. “சும்மா தூசி படிஞ்சு கெடக்குது மாஸ்டர். நீங்க வாசிங்க, அது போதும் எனக்கு” என்றார். பெட்டியைத் திறந்து பார்த்தோம். அடேயப்பா! தோல் உறை, பித்தளை மூலை, பளபளவென்று குமிழ்கள். எங்கள் பெட்டி அதன் பக்கத்தில் கோழிக்கூண்டு மாதிரி நின்றது.

மாஸ்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “வேன்ல ரெண்டு பெட்டிக்கு எடமில்லப்பா. வாசிக்கிறவன் நீ, நீயே கேட்டுச் சொல்லு. வெளிநாட்டுப் பெட்டிதான் நல்லாருக்குன்னா அத வச்சுக்குவோம். அதுக்கு மெக்கானிக்கு எதுக்கு, சுவிட்சப் போட்டா பாடப்போவுது.”

அதாவது என் காது என்ன சொல்கிறதோ அதை வைத்துத்தான் மெக்கானிக்குக் குழுவில் இடமா இல்லையா என்பது. அவனிடம் சொன்னேன். அவன் முகம் கொஞ்சம்கூட மாறவில்லை. “கேட்டுப் பாத்துச் சொல்லுங்கண்ணே. என் பொட்டி ஒண்ணும் சோடை போவாது” என்று சிரித்தான். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. எப்படியும் அவன்தான் ஜெயிப்பான் என்று நினைத்ததால்தான் இந்த வேலைக்கே ஒப்புக்கொண்டேன்.

ஆனால் கேட்பதெங்கே? நாங்கள் வாசித்துப் பழகும் அறை மில்லின் பின்பக்கம்தான் இருந்தது. காலையிலிருந்து இருட்டும்வரை மெஷின் தடதடவென்று ஓடும். சுவரே அதிரும். கூட்டத்துப் பாட்டுக்கு அந்தச் சத்தத்தில் பழகலாம். இரண்டு ஆம்ப்புக்கு நடுவே நூலிழை வித்தியாசத்தை எப்படிப் பிடிப்பது?

அந்தச் சமயத்தில்தான் குறுவை அறுவடைக்குக் கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டு விவசாயத் தொழிலாளர் சங்கம் வேலை நிறுத்தம் செய்தது. வயலில் ஆள் இறங்கவில்லை. ஒரு வாரத்தில் மூட்டை தூக்குகிறவர்களும் சேர்ந்துகொண்டார்கள். எங்கள் மில் நின்றது, சுற்றுவட்டாரத்தில் மற்ற மில்களும் நின்றன, பம்ப்செட் போடக்கூட ஆளில்லை. ரோட்டில் போலீஸ் வேன் போவதும் வருவதுமாக இருந்தது. மிராசுதார்கள் வெளியூர் ஆள் கொண்டுவருவார்கள் என்று பேச்சு. மெக்கானிக்கின் அப்பா வரப்பில் கொடியோடு நிற்பதாகச் சொன்னார்கள். எனக்கு அப்போது இதில் பட்டதெல்லாம் ஒன்றுதான்: மில் ஓடவில்லை, அறை நிசப்தமாக இருக்கிறது. “மாஸ்டர், நாளைக்கே கேட்டுடுவோம். இப்படி ஒரு நாள் இனிமே கெடைக்காது” என்று நான்தான் சொன்னேன். என்ன ஒரு புத்திசாலித்தனம் பாருங்கள்!

மறுநாள் மத்தியானம் நாலு பேரும் கூடினோம். மாஸ்டரும் பாயும் நாற்காலியில். மெக்கானிக் தரையில், இரண்டு பெட்டிக்கும் நடுவில். முதலில் வெளிநாட்டுப் பெட்டி. ஒரு மெட்டை மெதுவாக வாசித்தேன். ஒவ்வொரு சுரமும் தனித்தனியாக எழுந்து நின்றது. கீழ்க்கம்பி வயிற்றில் கேட்டது. வாசித்து முடித்த பிறகும் கொஞ்ச நேரம் அறையில் ஒலி தங்கியிருந்தது. பாய் கையைத் தட்டினார்.

அடுத்து எங்கள் பெட்டி. அதே மெட்டு, அதே விரல். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. காதுக்குள் ஊசி இறங்குகிற மாதிரி ஒரு கூர்மை. அடியில் உம்மென்று ஓர் இரைச்சல். மேல் கம்பியைத் தொட்டாலே பிசிறடித்தது. குமிழைக் குறைத்து வாசித்தேன், கூட்டி வாசித்தேன், ஒன்றும் சரிப்படவில்லை. இரண்டு வருஷமாக நான் வாசித்த பெட்டியா இது? இத்தனை நாளும் இப்படித்தான் அலறிக்கொண்டிருந்ததா? மில் சத்தத்திலும் கூட்டத்துக் கூச்சலிலும் நான்தான் கேட்காமல் விட்டேனா? இல்லை, நல்லதை ஒருதரம் கேட்டதும் காது கெட்டுவிட்டதா? கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருந்தது.

மெக்கானிக் பெட்டியின் முதுகில் கை வைத்துப் பார்த்து வெடுக்கென்று எடுத்தான். வாயைத் திறக்கவில்லை. நான் மறுபடி அதை வாசித்தேன், மறுபடி இதை வாசித்தேன். அவன் பெட்டியில் ஏதாவது ஓர் இடம் நன்றாக இருந்துவிடாதா என்று தேடினேன். கிடைத்திருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு இரண்டும் சமம் என்று சொல்லியிருப்பேன். மாஸ்டர் பொறுமையிழந்தார். “என்னப்பா, கச்சேரி முழுக்க நீயே வாசிச்சுடுவ போலருக்கே. எது?”

“வெளிநாட்டுப் பெட்டிதான் மாஸ்டர்” என்றேன்.

“அப்பச் சரி” என்றார். அவ்வளவுதான், முடிந்தது. மெக்கானிக் பெட்டியைத் துணியால் சுற்றி சைக்கிள் கேரியரில் வைத்துக் கட்டினான். நான் பின்னாலேயே போய், “டேய், தப்பா நெனைக்காதடா” என்றேன். “இதுல என்னண்ணே இருக்கு, கேட்டதத்தான சொன்னீங்க” என்று சொல்லிவிட்டு மிதித்தான்.

பேச்சுவார்த்தை நடந்து வேலை நிறுத்தம் முடிந்தது. மில் மறுபடி தடதடத்தது. பழகும்போது புதுப் பெட்டி ஏதோ சோர்வாகத் தெரிந்தது. மில் சத்தத்தில் அப்படித் தோன்றுகிறது என்று விட்டுவிட்டேன். மன்னார்குடிப் பக்கம் ஒரு கட்சிக் கூட்டம் வந்தது. மெக்கானிக் இல்லாமல் நாங்கள் போன முதல் கச்சேரி. பாயும் காரில் வந்திருந்தார். விளக்குகளெல்லாம் மஞ்சள் காமாலை வந்த மாதிரி எரிந்தன. டியூப்லைட் துடித்துத் துடித்து அணைந்தது. சுவிட்சைப் போட்டு வாசித்தேன். பெட்டி பாடவில்லை, முனகியது. குமிழை முழுக்கத் திருப்பினாலும் ஜுரக்காரன் பேச்சுதான். ஆனால் ஒரே ஒரு பாட்டில், அந்த முனகலிலேயே ஒரு குழைவு வந்தது. அதுபோல ஓர் இனிமையை நான் கிட்டாரில் அதுவரை கேட்டதில்லை. அடுத்த பாட்டில் அதுவும் போய், தபலாவுக்கு அடியில் நசுங்கிக் கிடந்தது. கீழேயிருந்து, “கிட்டாரு தூங்குதா?” என்று ஒருவன் கத்தினான். கூட்டம் சிரித்தது. மானம் போனது.

மேடைக்குப் பக்கத்தில் கம்பத்தடியில் லைன்மேன் பீடி பிடித்துக்கொண்டிருந்தார். இறங்கிப் போய் அவரிடம் பாய்ந்தேன். “என்னங்க கரண்டு இது?”

“எப்பவும் வர்ற கரண்டுதாங்க. இந்தப் பக்கம் மில்லு, பம்ப்செட்டெல்லாம் இழுத்தது போக நூத்தறுபது வோல்ட்டு வந்தா பெருசு. ஸ்ட்ரைக்குல எல்லாம் நின்னப்ப மட்டும் முழுசா இருநூத்தி முப்பது வந்துச்சு பாருங்க, ஊரெல்லாம் பல்பு பியூஸ் போச்சு.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மெக்கானிக் பெட்டியைச் செய்தது இந்த வட்டாரக் கரண்டுக்கு. நூற்றறுபதில் முழுத் தெம்போடு பாடும்படி கம்பி சுற்றியிருந்தான்; வெளிநாட்டுப் பெட்டியோ இருநூற்று முப்பதுக்கென்று செய்தது. முழுக் கரண்டு என்று ஒன்றை எங்கள் பக்கத்தில் யார் பார்த்தார்கள், அதற்கு அவன் வழி வைக்க? அது வந்த ஒரே வாரத்தில், நல்ல நாள் பார்த்து, அமைதியாக இருக்கிறது என்று சொல்லி அவனைக் கூப்பிட்டு உட்காரவைத்தவன் நான். எந்தப் பெட்டி நல்ல பெட்டி? அன்றைக்கு அது, இன்றைக்கு இது. அந்த ஒரு பாட்டில் வந்த குழைவை என்ன செய்வது? எதை வைத்து எதைச் சொல்வது என்றே தெரியவில்லை.

மறுநாள் காலையில் முதல் வேலையாக அவன் கடைக்குப் போனேன். ஒரு ரேடியோவின் வயிற்றைத் திறந்து வைத்திருந்தான். “வாங்கண்ணே” என்று ஸ்டூலைத் தள்ளினான். லைன்மேன் சொன்னதைச் சொன்னேன். மாஸ்டரிடம் பேசிவிட்டேன், பெட்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடு என்றேன்.

“பொட்டி ஏதுண்ணே? அன்னிக்கே ஒரு வால்வு போயிருச்சு. டிரான்ஸ்பார்மரக் கழட்டிச் சங்கத்து மைக் செட்டுல போட்டுட்டேன்” என்றான்.

“சரி, நீயாவது வா.”

“இல்லண்ணே. சங்கத்துல என்னையே செட்ட பாத்துக்கச் சொல்லிட்டாங்க.”

“கரண்டு கூடுதலா வருதுன்னு உனக்கு அப்பத் தெரியாதா?”

“தொட்டதுமே தெரிஞ்சிருச்சே.”

எனக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. “தெரிஞ்சா வாயத் தொறந்து சொல்ல வேண்டியதுதானடா! ஒரு வாரம் கழிச்சு வச்சுக்கலாம்னு சொல்லியிருந்தா என்ன?”

அவன் சால்டரிங் அயர்னைக் கீழே வைத்தான். அதுவரை அவன் என்னை நேருக்கு நேர் அப்படிப் பார்த்ததில்லை.

“சொல்லியிருந்தா நம்பியிருப்பீங்களாண்ணே? தோத்ததும் கரண்டு மேல பழி போடுறான்னுதான நெனைச்சிருப்பீங்க?”

இல்லையென்று சொல்ல வாயெடுத்தேன். அப்படித்தான் நினைத்திருப்பேன், மாஸ்டரிடம் சொல்லிச் சிரித்தும் இருப்பேன். அது அவனுக்கும் தெரிந்திருந்தது. அவன் குனிந்து மறுபடி ரேடியோவைப் பார்க்க ஆரம்பித்தான். நான் எழுந்து வந்துவிட்டேன்.