வைக்கோலுக்கு நடுவே நின்ற பொம்மை

எனக்கு எட்டு வயதானபோது, மன்னார்குடி கடைத்தெருவில் அம்மா நடத்திவந்த குழந்தைகள் துணிக்கடைக்கு எதிரே மூன்று மாடியில் ஒரு ஜவுளிக்கடை முளைத்தது. அதன் முகப்புக் கண்ணாடிக்குப் பின்னால் பட்டு உடுத்திய பொம்மைகள் வரிசையாக நின்றன. எங்கள் கடைப் படியில் கால் வைத்தவர்கள்கூட அவற்றைத் திரும்பிப் பார்த்துவிட்டு அப்படியே இறங்கிப் போனார்கள். அந்த நாட்களில் அம்மா சாப்பிடும்போது நடுவில் கையை நிறுத்திவிட்டுச் சுவரைப் பார்ப்பாள். கடையை மூடிவிட்டால் நாங்கள் எங்கே போவோம் என்று கேட்க எனக்கு நாக்கு எழாது.

அம்மாவின் தம்பி, என் மாமா, கல்யாண மண்டபங்களில் மேடை அலங்காரம் செய்பவர். பொங்கலுக்குப் பத்து நாள் இருக்கும்போது அவர் வந்து எங்கள் கடையின் முகப்புக் கண்ணாடியைத் தட்டிப் பார்த்தார். தெருவைப் பார்த்த ஒரு கண்ணாடிக் கூண்டு அது. உள்ளே போக, கடைக்குள்ளிருந்து ஒரு சின்னப் பலகைக் கதவு உண்டு.

"அவங்க பொம்மைய வச்சிருக்காங்க. நாம வயலையே வச்சிருவோம்க்கா" என்றார்.

அறுத்த வயலிலிருந்து வைக்கோல் கட்டுகளைச் சும்மாவே அள்ளிவந்தார். நீலத் துணியை நெளிநெளியாக விரித்ததும் வாய்க்கால் ஓடியது. வெள்ளைச் சட்டைகளைக் கம்பியில் மடித்துத் தொங்கவிட்டதும் கொக்குகள் இறங்கின. எல்லாம் பொருந்திவிட்டது. பட்டுப்பாவாடை கட்டிவிட மட்டும் ஒரு குழந்தைப் பொம்மை இல்லை, வாங்கவும் வழியில்லை. மாமா என்னைப் பார்த்தார்.

"சாயங்காலம் ஒரு மணி நேரம் பாப்பா அசையாம நின்னாப் போதும்."

அம்மா வேண்டாம் என்றாள். பிறகு எதிர்க்கடையைப் பார்த்தாள். அன்று சாயங்காலம் அவளே எனக்குப் பட்டுப்பாவாடை கட்டிவிட்டாள்.

முதல் இரண்டு நாளும் கூட்டம் வந்தது. பொம்மையா பிள்ளையா என்று பந்தயம் கட்டினார்கள். முன்பின் தெரியாத முகங்கள் கண்ணாடியில் மூக்கு நசுங்க ஒட்டிக்கொண்டு என் கண்ணையே பார்த்தன. நான் சிமிட்டினால் அவர்கள் சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள், கடை போய்விடும். அப்படித்தான் எனக்குள் கணக்கு.

மூன்றாம் நாள் கால்மாட்டில் வைக்கோல் அசைந்தது. எலி என்று நினைத்தேன். பிறகு குக்கர் ஆவி விடுவதுபோல ஒரு சீறல். தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் தாழ்த்தினேன். கட்டுக்கு அடியிலிருந்து, சங்கிலி போட்டாற்போலப் புள்ளிகள் கொண்ட ஒரு பாம்பு நீலத் துணிமேல் ஊர்ந்து வந்துகொண்டிருந்தது.

"டேய், பாம்புகூட வச்சிருக்காங்கடா!" என்று வெளியே யாரோ ஒருவன் கத்தினான். செல்போன்கள் உயர்ந்தன. ஒருவர் தன் பிள்ளையைத் தோளில் தூக்கிக் காட்டினார். அந்தச் சீறல் எனக்கு மட்டும்தான் கேட்டது. கண்ணாடியைத் தாண்டி அது போகவில்லை. பாம்பு என் பாதத்துக்கு ஒரு சாண் தூரத்தில் சுருண்டுகொண்டது. கண்ணீர் தாடைவரை வழிந்தது.

"அழுவுது பாரு, என்னமா நடிக்குது!" என்று கைதட்டினார்கள்.

எனக்கு ஒன்றுக்குப் போய்விட்டது. பாவாடை நனைந்து துணியில் ஈரம் பரவியதை, வாசலில் உட்கார்ந்திருந்த பூக்காரி பார்த்துவிட்டாள். கூடையைப் போட்டுவிட்டுக் கடைக்குள் ஓடினாள்.

"ஐயோ, அது நெசப் பாம்புங்க!"

எனக்குப் பின்னால் பலகைக் கதவு திறந்தது. "அசையாத கண்ணு. அப்படியே நில்லு" என்றாள் அம்மா, தலைபின்னும்போது சொல்கிற அதே குரலில். ஒரு அடுக்குத் துண்டுகள் என்னைத் தாண்டிப் பாம்பின்மேல் விழுந்தன. அது துண்டைக் கொத்திய நேரத்தில் இரண்டு கைகள் என் அக்குளில் நுழைந்து பின்னால் இழுத்துக்கொண்டன.

தீயணைப்புக்காரர்கள் வந்து அதைச் சாக்கில் பிடித்தார்கள். "கண்ணாடி விரியன்மா. புள்ள காலைத் தூக்கியிருந்தா..." என்று ஒருவர் சொல்ல வந்து, அம்மாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

மறுநாள் கடை திறக்கும் முன்பே வாசலில் கூட்டம். ஊரே செல்போனில் என்னைப் பார்த்திருந்தது. பாம்புக் கடை எது என்று வழி கேட்டு வந்தார்கள். வந்தவர்கள் துணியும் எடுத்தார்கள். மாமாவுக்குத் தலைகால் புரியவில்லை. "இவ்வளவு கூட்டம் என்னிக்குக்கா வந்துச்சு? ஒரு ரப்பர் பாம்பு வாங்கிப் போட்டுருவோமா?" என்றார்.

அம்மா வைக்கோலை வாரித் தெருவில் போட்டாள். உள்ளிருந்து கண்ணாடி முழுக்கப் பழைய செய்தித்தாளை ஒட்டினாள். ஓர் இடம்கூட மிச்சமில்லாமல் ஒட்டினாள்.

இத்தனை பேர் வந்திருக்கும்போது கண்ணாடியை மூடுகிறாளே, இனி யார் வருவார்கள்? அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தேன்.

"நான் நிக்கிறேம்மா. இனிமே ஒண்ணுக்குப் போவ மாட்டேன்."

பசைக் கையோடு அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். வாடிக்கையாளர்கள் சுற்றி நிற்க, என்னை எதிரே உட்காரவைத்து, என் பாதங்களைத் தூக்கி மடியில் வைத்து, விரலிடுக்கெல்லாம் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டு அழுதாள். நேற்று நான் சரியாக நிற்காததற்குத்தான் அழுகிறாள் என்று நினைத்தேன். எழுந்து அவள் முன்னால் கைகளை உடம்போடு ஒட்டவைத்துக்கொண்டு, கண்கூடச் சிமிட்டாமல் நின்று காட்டினேன். அவள் அழுகை இன்னும் கூடியது ஏன் என்று எனக்குப் புரியவில்லை.