பீச்சாங்கையில் பீடி

ரப்பர் மாதிரியான தகட்டைச் செதுக்கி ஒற்றுகிற லினோ அச்சில் நான்கு கலர் போட இரண்டு வழி உண்டு. காசுள்ளவன் கலருக்கு ஒரு தகடாக வெட்டிக்கொள்வான். என்னைப் போன்றவன் ஒரே தகட்டை வைத்துக்கொண்டு முதலில் மஞ்சளை ஒற்றுவான். மஞ்சளாகவே இருக்க வேண்டியதையெல்லாம் செதுக்கி எறிந்துவிட்டு அதே தாளில் பச்சையை ஒற்றுவான். இன்னும் செதுக்குவான், அடுத்த கலருக்குப் போவான். கடைசிக் கலர் முடியும்போது தகட்டில் பெரிதாக ஒன்றும் மிஞ்சாது. ஓவியக் கல்லூரியில் இதைத் தற்கொலை அச்சு என்பார்கள். பழவேற்காட்டில் என் அக்கா இதற்கு வைத்த பெயரை இங்கே எழுத முடியாது.

அவள் கோபத்திலும் நியாயம் இருந்தது. அச்சு இயந்திரம் வாங்க வக்கில்லாமல், தாளின் முதுகைத் தேய்க்க அவளுடைய சோற்றுக் கரண்டியைத்தான் எடுத்துக்கொண்டேன். மை காயாத தாள்களை அவள் கொடியில் கருவாட்டுக்குப் பக்கத்தில் தொங்கவிட்டேன். "சோத்துல மை நாத்தம், மையில கருவாட்டு நாத்தம். ஒரு நாளைக்கி உன்னயும் இதே கொடியில மாட்றேன் பாரு" என்பாள்.

எல்லாப் பேஜாருக்கும் காரணமான படம், ஒரு காலை நேரத்தில் ஏரிக்கரையில் உட்கார்ந்து வரைந்தது. நடுவில், அக்கரையில் லைட் ஹவுஸ். அதற்கு இடப்பக்கம் அக்கா புருஷன், அதாவது என் மாமா, படகில் நின்று வலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார், ஒரு கையில் பீடி. அவர் முதுகுக்குப் பின்னால் கொஞ்சம் தள்ளி இன்னொரு படகு. யாரோ காதுகுத்துக்கு அடித்த பேனரைக் கிழித்துத் தைத்த பாய், நல்ல கத்திரிப்பூக் கலர். லைட் ஹவுஸுக்கு வலப்பக்கம் வெறும் தண்ணீர். மஞ்சள், பச்சை, கத்திரிப்பூ, கறுப்பு என்று நான்கு தடவை ஒற்றினேன். பீடி நெருப்புக்கு மட்டும் விரல் நுனியால் சிவப்பை வைத்து ஏமாற்றினேன்.

அச்சில் இடம் வலமாகும், வலம் இடமாகும். முன்யோசனை உள்ளவன் படத்தைத் திருப்பிப் போட்டுக்கொண்டு செதுக்குவான். எனக்குச் சோம்பல். தண்ணீருக்கு இடம் ஏது, வலம் ஏது என்று அப்படியே செதுக்கிவிட்டேன்.

எங்கள் தண்ணீருக்கு உண்டு. ஏரியில் யார் எங்கே, எப்போது வலை போடலாம் என்பது சீட்டுக் குலுக்கி முறை வைத்துப் பிரித்த விஷயம். அதற்குப் பாடு என்று பெயர். எங்கள் கரையில் நின்று பார்த்தால் லைட் ஹவுஸுக்கு இடப்பக்கம் எங்கள் குப்பத்துப் பாடு, வலப்பக்கம் தெற்குக் குப்பத்துப் பாடு. அடுத்தவன் பாட்டில் வலை இறக்கியவனுக்கு அந்த சீசன் முழுக்க முறை கிடையாது.

படங்கள் மீஞ்சூரில் ரயிலேறிச் சென்னைக் கண்காட்சிக்குப் போயின. ஒன்றை மட்டும் டச்சுக் கல்லறைக்குப் போகிற வழியில் இருந்த சலூனுக்குக் கொடுத்தேன். நாற்காலிக்குப் பின்சுவரில், கண்ணாடிக்கு நேர் எதிரே மாட்டினார்கள். கல்லறை பார்க்க வருகிற வெளியூர்க்காரன் எவனாவது எட்டிப் பார்ப்பான் என்று ஒரு நப்பாசை. அவனுக்கோ கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுதான் பிடிக்கிறது. டச்சுக்காரன் செதுக்கியது இன்றைக்கும் நிற்கிறது, நான் செதுக்கியது மூன்றாவது கலருக்கே காணாமல் போகிறது. வெளியூர்க்காரனைக் குறை சொல்லி என்ன பிரயோஜனம்?

கடைசியில் பார்த்தவர் தெற்குக் குப்பத்துத் தலைவர். முடிவெட்டக் காத்திருந்தவர் கத்திரிப்பூப் பாயைக் கண்டதும் எழுந்தே விட்டாராம். "அட, இது என் போட்டுப்பா. காதுகுத்து என் பேரனுக்குத்தான்" என்று வந்தவன் போனவனிடமெல்லாம் சொல்லிப் பூரித்திருக்கிறார். பூரிப்பு அடங்கிய பிறகுதான் பக்கத்துப் படகு கண்ணில் பட்டது. இரண்டு படகும் லைட் ஹவுஸுக்கு வலப்பக்கம். அதாவது தன் பாட்டில் தன் படகு, அதே பாட்டில் ஒய்யாரமாகப் பீடி குடித்துக்கொண்டு என் மாமா. மனுஷன் முடிகூட வெட்டிக்கொள்ளாமல் கிளம்பிவிட்டார்.

இரண்டு குப்பத்துப் பெரியவர்களும் கூடினார்கள். "அவன் மச்சானே வரஞ்சி குட்த்துக்கிறான். இதுக்கு மேல சாட்சி இன்னா வேணும்?" என்றார் தலைவர். மாமா இல்லவே இல்லை என்று தலையை ஆட்டினார். மழை விட்டதும் இறால் வரும் என்று புது வலை தயாராக வைத்திருந்தார். அந்த சீசன் முறை போனால் அக்கா வீட்டில் அடுப்பெரிவதே கஷ்டம். பெண்கள் பக்கம் நின்று அக்கா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அச்சுல எல்லாமே திரும்பிக்கும்" என்றேன்.

"எங்க தலையா திரும்பிகீது?" என்றார் ஒருவர். "செதுக்குன தகட்ட எட்த்தா, பாக்கலாம்."

தகட்டை எடுத்து வந்தேன். ஆனால் வேலை முடிந்த அன்றே அக்கா அதை மீன் வெட்ட எடுத்துக்கொண்டிருந்தாள். குறுக்கும் நெடுக்கும் கத்திக் கோடு. பெரியவர் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, "இதுல மடவ செதில்தான் கீது. போட்டு எங்க?" என்றார். கூட்டம் சிரித்தது. செத்த தகட்டை அக்கா இரண்டாம் தடவையும் கொன்றிருந்தாள்.

அவளேதான் முன்னால் வந்தாள். "அத்த வெட்டுனது நான்தான், வுடுங்க. இந்த ஆளு எந்தக் கைல பீடி புடிப்பாருன்னு ரெண்டு குப்பத்துக்கும் தெரியும். போயி படத்துல எந்தக் கைன்னு பாருங்க."

தெரியாமல் என்ன? சோறு தின்பது ஒன்றைத் தவிர மாமாவுக்கு எல்லாமே பீச்சாங்கைதான். ஊர் அவருக்கு வைத்த பட்டப்பெயரே அது. கூட்டம் எழுந்து சலூனுக்கு நடந்தது. படத்தில், நான் விரலால் வைத்த அந்தச் சிவப்புப் புள்ளி சோத்தாங்கையில் எரிந்துகொண்டிருந்தது.

"அன்னிக்கி கை மாத்திப் புட்ச்சிருப்பான்" என்றார் தலைவர், குரல் கொஞ்சம் இறங்கி.

"நாற்காலில குந்தி கண்ணாடியில பாருங்க. திரும்புனது திரும்பி நேராயிடும்" என்றேன்.

முடிவெட்டும் எப்படியும் பாக்கி இருந்தது. உட்கார்ந்தார். பழக்க தோஷத்தில் கடைக்காரர் அவர் கழுத்தில் துண்டைச் சுற்றிவிட்டார். கண்ணாடியில், அவர் தலைக்கு மேலே படம் தெரிந்தது. மாமா லைட் ஹவுஸுக்கு இடப்பக்கம், எங்கள் பாட்டில், பீச்சாங்கையில் பீடியோடு. அவருக்குப் பின்னால், அதே எங்கள் பாட்டில், கத்திரிப்பூப் பாய்.

சொல்ல வேண்டியதையெல்லாம் தலைவரே ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். இது என் போட்டு, காதுகுத்து என் பேரனுக்கு.

எங்கள் பெரியவர் ஒருவர் தொண்டையைச் செருமினார். "இப்ப இன்னா தலைவரே, படம் சாட்சியா, இல்லியா?"

"படம்னா படம்தான்" என்றார் தலைவர், துண்டுக்குள்ளிருந்து. "அது எப்பிடி சாட்சி ஆவும்?"

மாமாவின் முறை மாமாவுக்கே நின்றது. வீட்டுக்கு நடக்கும்போது எனக்குக் கால் தரையில் பாவவில்லை. ஒரு லினோ அச்சு ஒரு குடும்பத்தின் சோற்றைக் காப்பாற்றியிருக்கிறது, எந்தக் கண்காட்சியில் இது நடக்கும்? மாமா ஏதாவது சொல்வார் என்று பக்கத்திலேயே நடந்தேன்.

அவர் பீடியைப் பற்றவைத்தார். "மச்சான், அன்னிக்கி நீ கரையிலதான குந்திகினு இருந்த?"

"ஆமா."

"நான் முதுகக் காட்டிகினு நிக்கிறேன். அவன் நம்ப பாட்ல வலைய எறக்குறான். நீ பாத்துகினு கீற. ஒரு கொரல் குடுக்க மாட்டியா?"

"அந்த மூலைல ஒரு கத்திரிப்பூக் கலர் தேவப்பட்டுச்சு மாமா" என்றேன்.

"கலரு நல்லாத்தான் கீது" என்றார் மாமா. அந்த சீசன் முடிகிற வரைக்கும் அதற்கு மேல் அவர் என்னோடு பேசவில்லை.