நாற்பத்திரண்டு சொட்டு

எங்கள் கம்பெனியில் அவளைச் சொட்டுக்காரி என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். அந்தப் பெயரை வைத்தவன் நான். முகத்துக்குப் பூசுகிற கிரீமும் பவுடரும் செய்கிற கம்பெனி. இருபத்தாறு வருஷமாக அங்கே ஸ்டோர் கீப்பராக மூட்டைகளையும் டிரம்களையும் கட்டி மேய்க்கிறேன். டீத்தூள் டப்பாவைக்கூடப் பூட்டி வைப்பேன் என்பதால் எனக்குப் 'பூட்டு' என்று பட்டப்பெயர். அதை வைத்தவள் அவள். ஆக, இரண்டு பேருக்கும் சரியாகிவிட்டது.

எங்களிடம் ஒரு பவுடர் வருகிறது. மண்ணில் தோண்டியதும் இல்லை, செடியில் விளைந்ததும் இல்லை, ஆலையில் செய்தது. கண்ணுக்கே தெரியாத குட்டிக் குட்டி உருண்டைகள், உள்ளே எல்லாம் ஓட்டை. முகத்தில் வழிகிற எண்ணெயை அந்த ஓட்டைகள் குடித்துவிடும். விளம்பரத்தில் ஒரு பெண் உச்சி வெயிலில் நின்றுகொண்டு மூக்கு பளபளக்காமல் சிரிக்கிறாளே, அந்தச் சிரிப்பில் பாதி இந்தப் பவுடர் போட்ட பிச்சை. எடை என்று ஒன்று கிடையாது. இரண்டு கிலோ கொட்டினால் பாதி டிரம்மை அடைத்துக்கொள்ளும். மின்விசிறியை நிறுத்தாமல் மூட்டையைப் பிரித்தால், நான் தும்முகிற தும்மலில் வாசல் காவல்காரர் விழித்துக்கொள்வார்.

அதற்கு ஒரு கள்ளக் குணமும் உண்டு. எண்ணெயைக் குடித்த பிறகும் குடித்ததாகக் காட்டிக்கொள்ளாது. தொட்டுப் பார்த்தால் அதே காய்ந்த பவுடர். உள்ளே எவ்வளவு போயிருக்கிறது என்று கண்ணால் சொல்ல எந்தக் கொம்பனாலும் முடியாது. அதனால்தான் சொட்டு எண்ணுவது. ஒரு கிராம் பவுடரைக் கண்ணாடித் தட்டில் வைத்து, மேலே எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டு, தட்டையான கரண்டியால் தேய்த்துக்கொண்டே இருக்க வேண்டும். முதலில் பொடியாகவே நிற்கும், பிறகு உதிரி உதிரியாகச் சேரும், ஒரு கட்டத்தில் சப்பாத்தி மாவு மாதிரி ஒரே உருண்டையாகத் திரண்டு வரும். அந்தக் கணத்தில் நிறுத்த வேண்டும். ஒரு சொட்டு கூடினால் கூழாகிவிடும். நல்ல பவுடர் நாற்பத்திரண்டு சொட்டுக் குடிக்கும்.

அந்தக் கணம் அவள் கைக்குத் தெரியும். பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவள். எட்டு வருஷம் எங்கள் பரிசோதனைக்கூடத்தில் குடுவை கழுவினாள். கழுவிக்கொண்டே பார்த்தாள், பார்த்துக்கொண்டே கழுவினாள். ஒரு நாள் பரிசோதகர் காய்ச்சலில் விழ, அவசரத்துக்கு அவளை உட்கார வைத்தார்கள். ஆறு தட்டு தேய்த்தாள், ஆறிலும் ஒரே எண். அந்தப் பரிசோதகர் வேறு வேலைக்குப் போனதும் அவளையே அந்த நாற்காலியில் போட்டார்கள், ஆறு மாதம் தற்காலிகமாக. கணவர் பள்ளி வேன் ஓட்டுகிறார், இரண்டு பெண்கள். மூத்தவள் கல்லூரியில் சேர்ந்த நாளில் விண்ணப்பத்தில் அம்மாவின் தொழில் என்ற இடத்தில் 'ஆய்வகப் பரிசோதகர்' என்று எழுதினாளாம். அதை என்னிடம் சொல்லும்போது இவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! எந்தப் பவுடரும் அடக்க முடியாத பளபளப்பு.

ஐந்தாம் மாதத்தில்தான் வினை வந்தது. தரக் கட்டுப்பாட்டுக்கு ஒரு புதுப் பெண் அதிகாரி வந்திருந்தார், முப்பது வயதுகூட இருக்காது. ஒரு புதன்கிழமை அவர் கேட்டபடி என் ஸ்டோரில் இருந்த டிரம்மிலிருந்து மாதிரி எடுத்துப் போனாள். முப்பத்தைந்தாவது சொட்டிலேயே உருண்டை திரண்டுவிட்டது. திரும்பச் செய்தாள். முப்பத்தைந்து. மறுபடியும் முப்பத்தைந்து.

"போன மாசம் இதே சரக்குக்கு நீங்கதானே நாப்பத்திரண்டுன்னு எழுதியிருக்கீங்க?" என்று கேட்டார் அதிகாரி. "சரக்கு மாறல. அப்போ கைதானே மாறியிருக்கணும்? வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள்ள காரணம் சொல்லுங்க. இல்லன்னா பட்டம் படிச்ச ஆளைத்தான் போடணும். நீங்க பழைய வேலைக்கே போக வேண்டியிருக்கும்."

தேநீர் இடைவேளையில் இதைக் கேட்டதும் எனக்கு ரத்தம் கொதித்தது. எனக்குக் கோபம் மூக்கு நுனியில். "படிச்ச திமிரு! சொட்டுன்னா என்னன்னு அந்தம்மாவுக்குத் தெரியுமா? நான் போய் நாலு வார்த்தை கேக்கட்டுமா?" என்று குதித்தேன்.

"குதிக்காதீங்கண்ணே, மூட்டை சரியும். அவங்க கேட்டதுல தப்பு ஒண்ணுமில்ல" என்றாள். கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "அந்த டிரம்ல முன்னாடி என்ன இருந்துச்சு?" என்று கேட்டாள்.

"காலி டிரம்தாம்மா. நல்லாத் துடைச்சுத்தான் போட்டேன்."

"சரிண்ணே" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

போனதும்தான் எனக்கு உறைத்தது. போன வாரம் இரண்டு மூட்டை கிழிந்துபோய், மிச்சம் இருந்த இரண்டு கிலோவை ஒரு காலி டிரம்மில் கொட்டி வைத்திருந்தேன். அது முகத்துக்குப் போடுகிற எண்ணெய் வந்த டிரம். கழுவக் கொடுத்தால் மூன்று பேரிடம் கையெழுத்து வாங்க வேண்டும், இரண்டு நாள் காத்திருக்க வேண்டும். அந்தச் சோம்பலில் கை எட்டிய வரைக்கும் துணியால் துடைத்தேன். கை எட்டாத அடிப்பக்கத்து மடிப்புகளில் அரை லிட்டர் எண்ணெய் தேங்கி நின்றிருக்கிறது. போதாக்குறைக்கு டிரம்மைப் படுக்கப்போட்டு ஸ்டோரின் அந்தக் கோடி வரைக்கும் உருட்டிக்கொண்டு போனேன். இதைவிட நன்றாக எந்த இயந்திரமும் கலந்திருக்காது. மூடியைத் திறந்து, பவுடரை விலக்கி அடியில் தடவிப் பார்த்தேன். ஒரு பொட்டு ஈரம் இல்லை. பாவி, சொட்டு விடாமல் குடித்துவிட்டு ஒன்றும் தெரியாதது மாதிரி உட்கார்ந்திருந்தது.

உடனே ஓடிப்போய்ச் சொன்னேனா? இல்லை. வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், சொல்லவில்லை. இருபத்தாறு வருஷத்தில் என் பெயரில் ஒரு குறை எழுதப்பட்டதில்லை. ஒவ்வொரு கூட்டத்திலும் என்னைத்தான் உதாரணம் காட்டுவார்கள். வியாழக்கிழமை முழுக்க அலமாரிகளைத் திறந்து திறந்து பூட்டினேன். அவள் இரண்டு தடவை ஸ்டோர் பக்கம் வந்தாள், லேபிள் வாங்கினாள், "சாப்டீங்களாண்ணே?" என்று கேட்டாள், போய்விட்டாள். வேறு ஒரு வார்த்தை இல்லை. நான் தலையே நிமிரவில்லை.

வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டு மணி வாக்கில் பரிசோதனைக்கூடத்தைக் கடந்து போனேன். கண்ணாடி வழியாகப் பார்த்தேன். மேசை இழுப்பறையிலிருந்து தன் சாமான்களை எடுத்து ஒரு பைக்குள் வைத்துக்கொண்டிருந்தாள். ஒரு சீப்பு, மூக்குக்கண்ணாடிக் கூடு, மகளுடைய பழைய வேதியியல் புத்தகம். அந்தப் புத்தகத்தை வைக்கும்போது அட்டையில் இருந்த தூசியைப் புடவைத் தலைப்பால் துடைத்தாள். அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. நேராக அதிகாரியின் அறைக்குள் போய், நின்றுகொண்டே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

அவர் கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. ஸ்டோருக்கு வந்து, பிரிக்காத மூட்டை ஒன்றைத் தன் கையாலேயே பிரித்து மாதிரி எடுத்தார். அவளைத் தேய்க்கச் சொல்லிவிட்டுப் பக்கத்தில் நின்று தானும் எண்ணினார். முப்பத்தைந்து தாண்டியது. நாற்பது தாண்டியது. நாற்பத்திரண்டாவது சொட்டில் கரண்டியோடு உருண்டை எழுந்து வந்தது.

"என்னை மன்னிச்சுக்கோங்க" என்றார் அதிகாரி அவளிடம். "டிரம்முக்குள்ள எண்ணெய் இருந்ததை எந்தக் காகிதமும் சொல்லல. உங்க கைதான் சொல்லியிருக்கு. இந்தப் பவுடர் கிரீம்ல போயிருந்தா மொத்தச் சரக்கையும் திருப்பி அனுப்பியிருப்பாங்க. ஒண்ணாம் தேதியிலிருந்து நீங்க நிரந்தரம்." எனக்கு எழுத்தில் ஓர் எச்சரிக்கை வந்தது. கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன். நியாயம்தான்.

மூன்று மணிக்கு அவள் ஸ்டோருக்கு வந்தாள். எதிரே இருந்த பெட்டியில் உட்கார்ந்தாள். நான்தான் முதலில் பேசினேன்.

"என்னை மன்னிச்சுடும்மா. நேத்தே சொல்லியிருக்கணும்."

"ஆமா, சொல்லியிருக்கணும்" என்றாள், முகத்தில் அடித்த மாதிரி. பிறகு குரலைத் தணித்துக்கொண்டாள். "எனக்குப் புதன்கிழமையே தெரியும்ண்ணே. கலவை அறையில இதே சரக்குல பாதி மூட்டை இருந்துச்சில்ல, அதுல ஒரு கரண்டி எடுத்துத் தேய்ச்சுப் பாத்தேன். நாப்பத்திரண்டு. அப்புறம் டிரம் வெளிப்பக்கம் பாதி கிழிஞ்சிருந்த எண்ணெய் லேபிளையும் பாத்தேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அப்பவே போய்ச் சொல்லியிருக்கலாமேம்மா! உன் வேலையே போக இருந்துச்சே! பையெல்லாம் கட்டினியே!"

"நாலு மணிக்குச் சொல்லலாம்னு இருந்தேன். சொன்னாலும் நம்புவாங்களோ இல்லையோன்னு பயம், அதான் பையைக் கட்டி வச்சேன்." எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டாள். "நான் போய்ச் சொன்னா நீங்க மாட்டிக்கிட்டவரு. நீங்களே சொன்னா, சொன்னவரு. அதுக்காகத்தான் ரெண்டு நாள் பொறுத்தேன்."