காற்புள்ளிக்கு ஒரு கச்சான்

மூதூரில் இருந்து திருகோணமலைக்கு வந்த படகில் என் பக்கத்தில் இருந்தவர் ஒரு மீனவர் சங்கச் செயலாளர். தேய்த்த வெள்ளைச் சட்டை, கையில் நாலாய் மடித்த பேச்சு, மடியில் வறுத்த கச்சான் கடலைப் பொட்டலம்.

"எங்கட இறங்குதுறைக்கு விளக்குக் கேட்டு, அரசாங்கக் கச்சேரியில பெரிய அதிகாரிக்கு முன்னால பேசப்போறன். நீங்கள் கொஞ்ச நேரம் கச்சேரி ஐயாவா இருங்கோ. முகத்தை இறுக்கமா வைச்சால் போதும்," என்றார்.

இறுக்கினேன்.

போன தடவை மூச்சு விடாமல் வாசித்ததில் ஐயாவுக்கு ஒன்றும் விளங்கவில்லையாம். அதனால் இப்போது காற்புள்ளிக்கு ஒரு கச்சான், முற்றுப்புள்ளிக்கு இரண்டு. மென்று முடியும்வரை அடுத்த சொல் வராது.

பேச்சில் முதலில் தன் கடல் அனுபவத்தைச் சொல்லி நம்பவைப்பார். பிறகு இருட்டில் வழுக்கி விழுந்த மாமியைச் சொல்லி அழவைப்பார். விளக்கால் வரும் நன்மைகள் கடைசியில்.

"ஐயா எதில மசிவார்?" என்று கேட்டேன்.

"மாமியிலதான். ஆனால் எனக்கு அழுகை வருகுதில்லை."

மாமி விழுந்த இடத்தில் நிறையக் காற்புள்ளிகள். ஒரு கச்சான் புரைக்கேறியது. கண் சிவந்து நீர் கொட்ட, "மா... மி..." என்றார். படகில் இருந்தவர்கள் உருகிப்போனார்கள். ஒரு அம்மா அவரிடம் தண்ணீர்ப் போத்தலை நீட்டிவிட்டு, "குடுங்கோ ஐயா, ஒரு விளக்குத்தானே," என்று என்னை முறைத்தார். நான் தலையாட்டிவிட்டேன்.

இருமல் நின்றதும் அவர் பேனையை எடுத்து, அதே இடத்தில் இன்னொரு காற்புள்ளி போட்டார்.

கச்சேரியில் என்ன நடந்ததோ தெரியாது. மூதூர் இறங்குதுறையில் இன்னும் விளக்கு இல்லை. அங்கே இறங்கும்போதெல்லாம் எனக்குக் கூச்சமாக இருக்கிறது. தருவதாகத் தலையாட்டியவன் நான்.